ஜன்னல் இல்லாத வைத்தியசாலை

வெகு காலத்துக்கு முன்னே செம்மலை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் தலையில் தூக்கி வைத்தவனை மத்தியானம் தரையில் போடுகிற குணம் அவனுக்கு. அவன் நோயாளிகளுக்காக ஒரு வைத்தியசாலை கட்டச் சொன்னான். அரண்மனைக் கட்டட அதிகாரி கோளப்பன் கட்டி முடித்தான். முகம் பார்க்கிற மாதிரி சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவர், ஒரே ஒரு வாசல். ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை.

மருத்துவச்சி காராயி உள்ளே போய்ப் பார்த்தாள். அவளுடைய ஓலைக் கொட்டகையில் நாற்பது பேர் இருமிக்கொண்டு கிடந்தார்கள். பால் காய்ச்சியதும் அவர்களை இங்கேதான் கொண்டுவர வேண்டும். இப்படி அடைத்துப் போட்டால் பாதிப் பேர் தேறமாட்டார்கள். நேரே சபைக்குப் போய் ஜன்னல் கேட்டாள்.

ஊரே அவள் பேரைச் சொல்வது கோளப்பனுக்கு ஏற்கெனவே பொறுக்காது. வேர் அரைக்கிறவளுக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும், காற்றோடுதான் நோயும் வரும் என்று ராஜாவின் காதில் ஓதினான். சுவரில் கடப்பாரை வைத்தவன் கை இருக்காது என்று ராஜாவும் உத்தரவு போட்டுவிட்டான்.

காராயி அழவில்லை, கெஞ்சவும் இல்லை. பால் காய்ச்சுகிற வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

புதுக் கட்டடத்தில் பால் பொங்கும்வரை, கட்டுவித்தவரும் கட்டியவரும் அடுப்பருகே உட்கார்ந்திருப்பது அந்த நாட்டு வழக்கம். நடுவில் எழுந்தால் கட்டடத்துக்கு ஆகாது. காராயி எல்லோரையும் போல விறகுதான் வைத்தாள். பானைதான் கொஞ்சம் பெரிது, இருபது படி பிடிக்கும்.

வாசலை வேடிக்கைக் கூட்டம் அடைத்துக்கொண்டது. புகை கூரையில் முட்டிக் கீழே இறங்கியது. ராஜாவுக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. காற்றோட்டம் எப்படி என்று இருமிக்கொண்டே கேட்டான். ரொம்ப சுகம் என்று சொன்ன கோளப்பன், அடுத்த மூச்சில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

"எதையாவது திறந்து தொலை, காராயி."

"திறக்க இங்கே என்ன இருக்கிறது, மன்னா? உடைத்தால் கை போய்விடும். கஷாய அடுப்பு தினமும் இங்கேதான் எரியப்போகிறது. தாங்கள் ஒரு பொழுது தாங்காத இடத்தில்தான் என் நாற்பது பேரும் இனிப் படுத்திருக்க வேண்டும்."

ஒருவழியாகப் பால் பொங்கியது. ராஜா எழுந்தான், காவலனை விட்டு ஒரு கடப்பாரை கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கினான். "என் கையை எவன் வெட்டுகிறான், பார்க்கிறேன்" என்று கிழக்குச் சுவரில் ஓங்கிக் குத்தினான். செங்கல் பெயர்ந்து வெளிச்சம் விழுந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொன்னோ நிலமோ என்ன வேண்டுமானாலும் கேள் என்றான்.

"மேற்குச் சுவர் இன்னும் மூடியே இருக்கிறது, மன்னா."

ராஜா சிரித்துவிட்டான். கோளப்பனை வரவழைத்து, கூடியிருந்த ஊர் பார்க்கக் கடப்பாரையை அவன் கையில் கொடுத்தான். அவன் இடித்து முடிக்கிறவரை நாற்பது பேரில் ஒருவரையும் காராயி கொட்டகையை விட்டு அசைய விடவில்லை.