உரசுகிற இடமெல்லாம் எண்ணெய்

கொள்ளங்குளம் தவசியாண்டிக்கு இரண்டு மச்சினன்கள், உடையப்பனும் கோட்டைச்சாமியும். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு சேமியா மிஷின் வாங்கிப் போட்டிருந்தார்கள். மூன்று தலை இருந்தும் ஊரில் அவர்களிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

தவசியாண்டி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பரிசம் போட்ட அன்றைக்கே சம்பந்தி வெயிலுமுத்து சொல்லிவிட்டார்: “பந்தியில சேமியா பாயசம் வராம நான் எந்திரிக்க மாட்டேன். நான் ஏறாம பொண்ணு மாப்பிள்ளை காரு நகராது.” சொன்னால் சொன்னதுதான் என்று பேர் வாங்கிய மனுஷன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மிஷினில் மாவு சிக்கிக்கொண்டது. அச்சுத் தட்டின் ஓட்டைகளில் ஓர் இழைகூட இறங்கவில்லை. கடையில் வாங்கிவிடலாமே என்றாள் அவர் மனைவி.

“சொந்த மிஷின் வச்சிருக்கவன் கடையில வாங்குனா ஊரு சிரிக்காதா?” என்றவர், ஃபிட்டர் இருளப்பனுக்குப் போன் போட்டார்.

“உரசல்தான் அண்ணாச்சி. உரசுற எடம் பாத்து எண்ணெய் விடுங்க. வழுக்கிக்கிட்டு வந்துரும்.”

மூவரும் மிஷினைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

“பெல்ட்டு சக்கரத்துல உரசுது அத்தான்,” என்றான் உடையப்பன். பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டார்கள். மோட்டார் ஓடியது, பெல்ட் வழுக்கியது, மிஷின் அசையாமல் நின்றது.

“சத்தமே இல்லாம எம்புட்டுச் சொகமா இருக்கு பாருங்கலே!” தவசியாண்டிக்குக் கண் கலங்கியது.

“என் செருப்பு தரையில உரசுது அத்தான்,” என்றான் கோட்டைச்சாமி. அதற்கும் விட்டார்கள். அவன் நடக்காமலே வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான், மாவுச் சட்டியோடு.

“மாவு போற குழாய்க்குள்ள?” என்று கேட்டான் உடையப்பன்.

தவசியாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “உள்ள உரசுனதக் கண்ணால பாத்தியாலே? பாக்காம பழி போடாத.”

அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். இருட்டும்வரை சேமியா வரவில்லை.

மறுநாள் தாலிகட்டு நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி பந்தியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பாயசம் இல்லை. வெளியே கார் காத்திருந்தது. பொண்ணு விசும்ப ஆரம்பித்தாள். தவசியாண்டிக்குப் பெற்ற மனசு பதறியது.

“ஏன்லே நகர மாட்டேங்காரு?”

“பலகை தரையில உரசுது அத்தான். இது நானே கண்ணால பாத்தது,” என்றான் உடையப்பன்.

மிச்சமிருந்த எண்ணெய் டின்னைப் பலகைக்கு அடியில் கவிழ்த்து, மூவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். சம்பந்தி கத்திக்கொண்டே போனார். வாசல் நிலையில் இரண்டு பக்கமும் இடுப்பு சிக்கியது. அங்கேயும் எண்ணெய் தடவி ஓர் அமுக்கு அமுக்கினார்கள். பொளக்கென்று வெளியே வந்து, சரிவில் வழுக்கி, கார்க் கதவோரம் போய் நின்றார். பலகையோடு தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். கார் கிளம்பியது.

“மனுஷன் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாருய்யா. கடைசிவரைக்கும் எந்திரிக்கவே இல்ல!” என்று கும்பிட்ட தவசியாண்டி, கையோடு ஃபிட்டருக்குப் போன் போட்டார்.

“தம்பி, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. எண்ணெய் விட்டதும் சம்பந்தி சிக்காம வெளிய வந்துட்டாரு. மாவுதான் இன்னும் வரல. அதுக்கு என்ன விடணும்?”