சாவி கொடுக்காத எந்திர மாமா

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் சம்பந்தி அடைக்கலமேரி. போன வருஷம் தவக்காலத்தில், மூன்றாவது வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்து பாலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னார். பஸ் வரத் தாமதமானதும் நல்லதாய்ப் போயிற்று. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

திருச்சியில் பழைய பொம்மை சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பிள்ளைகளுக்காகச் சேர்ப்பது இல்லை, தங்களுக்காகவே. வக்கீல், டாக்டர், பேங்க் மேனேஜர் என்று முப்பது பேர். மாதம் ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூடுவார்கள்.

முப்பது பேருக்கும் கண் ஒரே பொம்மை மேல்தான். எந்திர மாமா என்று அதற்குப் பெயர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அரியமங்கலம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி தகரத்தில் அடித்துப் போட்டது. சாண் உயரம். நீல உடம்பு, சதுரத் தலை, நெஞ்சில் அச்சடித்த மூன்று கடிகாரம், முதுகில் சாவி. நாலே வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். செய்தவர்களில் ஒருவரும் இப்போது இல்லை.

மிச்சம் இருந்த எந்திர மாமாக்களில் பாதிக்கு ஸ்பிரிங் அறுந்திருந்தது. மீதிப் பாதிக்கு, அறுந்துவிடுமோ என்ற பயத்தில் யாரும் சாவி கொடுப்பதில்லை. கடையிலிருந்து வந்தபடியே, பெட்டியோடு, ஒருநாளும் சாவி கொடுக்காமல் இருந்தது ஒன்றே ஒன்று. அது இன்னாசிமுத்துவுடையது.

இன்னாசி டெலிபோன் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் கம்பம் ஏறின மனுஷனுக்கு, வக்கீலும் டாக்டரும் உட்காருகிற முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தப் பொம்மைக்காகத்தான் போட்டார்கள். அது அவருக்கும் தெரியும். மைக்கிலேயே அவரை ‘சாவி கொடுக்காத இன்னாசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டதும் அவருக்கு முதுகு தானாக நிமிரும். வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளைக் கையுறை மாட்டி, பெட்டியைத் திறந்து, பொம்மையை வெல்வெட் துணி மேல் நிறுத்துவார். எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். திரும்ப உள்ளே வைத்துவிடுவார்.

அவருக்கு ஒரு மாஸ்டர் உண்டு. பிலோமினா என்று பெயர். இவருக்கு அறுபத்திரண்டு, மாஸ்டருக்கு நாற்பத்தைந்து. பாலக்கரையில் புனல், கேக் அச்சு, லெட்டர் பாக்ஸ் செய்கிற தகரப் பட்டறை வைத்திருந்தார். ஓய்வு பெற்ற கையோடு, எனக்கும் தகர வேலை கற்றுக்கொடுங்கள் என்று போய் நின்றார் இன்னாசி. முதல் மூன்று மாதம், நசுங்கின தகரத்தை நிமிர்த்துவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை மாஸ்டர். இவரும் முகம் சுளிக்காமல் நிமிர்த்தினார். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை மாஸ்டர் என்பார்.

சங்கத்துக்கு இருபத்தைந்தாவது வருஷம் வந்தது. எந்திர மாமாவைப் புதிதாக நூறு செய்யலாம் என்று முடிவானது. அன்றைக்குப் பிடித்தது சண்டை.

தலைவர் வக்கீல் சீதாபதி, அசல் என்றால் அசல்தான், ஒரு புள்ளி மாறக்கூடாது என்றார். பழைய பொம்மையில் இடது கண் கொஞ்சம் கோணலாக அச்சாகியிருக்கும். அந்தக் கோணலும் வேண்டும் என்றார். இஞ்சினியர் ஹபீப், இந்தக் காலத்துக்கு ஏற்றபடி பேட்டரி போட்டு, கண்ணில் விளக்கு வைத்து, வணக்கம் சொல்லவும் வைத்தால்தான் நம் பேரப்பிள்ளைகள் தொட்டாவது பார்ப்பார்கள் என்றார். வணக்கம் சொல்ல நானே இருக்கிறேன், பொம்மை எதற்கு என்று தலைவர் கேட்டார். மூன்று கூட்டம் இப்படியே போனது. ஒரு கூட்டத்தில் வடையைக்கூடத் தொடாமல் எழுந்து போனவர்கள் உண்டு. கடைசியில் இரண்டு கை கூடுதலாகத் தூக்கித் தலைவர் பக்கம் ஜெயித்தது. வேலையைப் பிலோமினா மாஸ்டருக்கு வாங்கிக் கொடுத்தது இன்னாசிதான்.

கூடவே சங்கம் ஒரு புத்தகம் கொடுத்தது. இன்னாசியின் பொம்மையை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதினது. அதில் பதினோராம் பக்கம் முக்கியம். வலது பாதத்தின் அடியில் தபால்தலை அளவுக்கு ஒரு கறுப்பு அட்டை, ஒன்றரை மில்லி கனம், இதுவே அசலின் அடையாளம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அட்டை இல்லாத பொம்மையைக் குறைப்பட்டது என்று தள்ளிவிடுவார்கள். சைக்கிள் கடை அமலதாஸிடம் இருந்தது அவர் சின்ன வயதில் விளையாடின பொம்மை. அதில் அட்டை இல்லை. காலண்டர் அட்டையை வெட்டி, மை பூசி ஒட்டிக்கொண்டு வந்தார் பாவம். கண்டுபிடித்து, அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாஸ்டர் ஒரு மாதத்தில் மாதிரி பொம்மை செய்து முடித்தார். நீலம் அதே நீலம். கண்ணில் அதே கோணல். இன்னாசி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வலது பாதத்தில் அட்டை இல்லை.

“மாஸ்டர், அட்டையை விட்டுட்டீங்க.”

“ம்.”

“பதினோராம் பக்கத்துல இருக்கு.”

“படிச்சேன்ணே.”

“அப்ப ஏன் விட்டீங்க?”

மாஸ்டர் குனிந்து கீழே கிடந்த மரச்சில்லு ஒன்றை எடுத்தார். இன்னாசியின் வலது செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் பக்கம் சில்லை வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினார். தூக்குப் போணியைக் கையில் கொடுத்து, மாட்டிக்கிட்டுப் போய் டீ வாங்கிட்டு வாங்க என்றார்.

இன்னாசி நொண்டி நொண்டிப் போனார். டீக்கடைக்காரர் காலில் என்ன என்று விசாரித்தார். திரும்பி வரும்போது பாதி டீ வேட்டியில் இருந்தது.

மாஸ்டர் மிச்ச டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். அதோடு சரி.

இன்னாசிக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொண்டால், தன் பொம்மைக்குச் சாவி கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கொடுத்தால் அந்தப் பெயர் போய்விடும், நாற்காலியும் போய்விடும். அதனால் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

அடுத்த கூட்டத்தில், ஒப்பிட்டுப் பார்க்க இன்னாசியின் பெட்டியையும் மேஜை ஓரத்தில் வெல்வெட் துணி மேல் வைத்துவிட்டு, மாதிரி பொம்மையை மேஜை மேல் விட்டார்கள். மேஜை நல்ல நீளம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு டக்டக்கென்று நடந்தது. இரண்டு பேர் கை தட்டக்கூடச் செய்தார்கள். தலைவர் அதை எடுத்துக் கவிழ்த்து, பாதத்தைப் பார்த்தார். கைதட்டல் நின்றது.

மாஸ்டரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அட்டை எங்கே என்று கேட்டார்கள்.

“வைக்கல சார்.”

“ஏன் வைக்கல?”

“நடக்கணுமே.”

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. புத்தகத்தை மீற மாஸ்டருக்கு அதிகாரம் இல்லை என்றார். அசலுக்கு மாறானது, ஏற்கவில்லை என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதினார். அதில் இன்னாசி கையெழுத்துப் போட வேண்டும். அவர் பொம்மைதானே அளவுகோல். போட்டால் மாஸ்டருக்கு வேலை போகும். செய்யத் தெரியாதவர் என்ற பெயரும் வரும். பேனாவைத் திறந்தே நீட்டினார்கள்.

இன்னாசி பேனாவை வாங்கினார். எழுதவில்லை.

“சார், அசல் எப்படி நடக்கும்?” என்றார்.

ஒருவர் சொன்னார், குனிந்து குனிந்து நடக்கும் என்று. இன்னொருவர், இல்லை, இடது பக்கம் வட்டமடிக்கும் என்றார். தலைவர், அது கம்பீரமாக மெதுவாக நடக்கும் என்று கையை வீசிக் காட்டினார். யார் பார்த்தது என்று ஹபீப் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து அமலதாஸ், நான் பார்த்திருக்கேன் என்றார். குறைப்பட்டதைப் பற்றி இங்கே பேச்சில்லை என்று அவரை உட்கார வைத்தார்கள்.

இன்னாசி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தன் கைப்பையைத் திறந்து, எண்ணெய் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

இன்னாசி பேனாவை மூடினார். கையுறை மாட்டாமலே பெட்டியைத் திறந்தார்.

“இன்னாசி, என்ன செய்றீங்க?”

“கேக்கப் போறேன் சார்.”

“யாரை?”

“இவனைத்தான். அம்பது வருஷமா இவன்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே.”

சாவி கொடுத்தால் அது சாவி கொடுத்த பொம்மை ஆகிவிடும் என்றார் தலைவர். சங்க விதிப்படி முதல் வரிசை கிடையாது, மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டிவரும் என்றார்.

“எழுதிக்கங்க” என்றார் இன்னாசி.

சாவித் துளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். ஸ்பிரிங் முனகியது. அறுந்து போகவில்லை. பொம்மையை மேஜையில் நிறுத்திக் கையை எடுத்தார்.

எந்திர மாமா ஒரு எட்டு வைத்தது. அடுத்ததும் வைத்தது. வலது கால் இழுத்துக்கொண்டு வர, மூன்றாவது எட்டில் மூக்குக் குப்புற விழுந்தது. விழுந்த இடத்திலேயே கால் இரண்டும் உதைத்துக்கொண்டு கிடந்தது.

தலைவர் முகம் மலர்ந்தார்.

“பார்த்தீங்களா? அசல் விழுது. அப்ப புதுசும் விழணும்.”

பன்னிரண்டாம் பக்கம் ஒன்று சேர்க்க வேண்டும் என்றார். எத்தனையாவது எட்டில் விழுகிறது, எந்தச் சாய்வில் விழுகிறது என்று எழுத வேண்டும் என்றார். செயலாளர் உடனே டேப்பை எடுத்து விழுந்த தூரத்தை அளக்க ஆரம்பித்தார். ஹபீப், இதுக்குத்தான் பேட்டரி போடச் சொன்னேன் என்று தன் பாட்டுக்குப் பேசினார். பொம்மை இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னாசி செயலாளரின் டேப்பை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, பொம்மையை எடுத்தார். கவிழ்த்துப் பிடித்துக் கட்டை விரல் நகத்தை அட்டையின் ஓரத்தில் வைத்தார்.

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“அதுல கை வெச்சீங்கன்னா, உங்க பொம்மையும் அமலதாஸ் பொம்மையும் ஒண்ணு.”

“ஒண்ணாவே இருக்கட்டும் சார்.”

“யோசிச்சுச் செய்ங்க. திரும்ப ஒட்ட முடியாது.”

“ஒட்டப் போறதில்ல சார்.”

பழைய பசை. காய்ந்து கிடந்தது. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அடியில் ஒரு சின்ன உருளை இருந்தது, ஒரு கீறல் இல்லாமல், அன்றைக்குச் செய்ததுபோல. பெட்டிக்குள் இருக்கும்போது பொம்மை தானாக ஓடிவிடக்கூடாது என்று கம்பெனியில் யாரோ ஒரு கை ஒட்டி அனுப்பின அட்டை அது. கடைசி வரிசையில் அமலதாஸ் தன் பொம்மையை மடியில் கவிழ்த்துப் போட்டு, காலண்டர் அட்டையைப் பிய்க்கிற சத்தம் கேட்டது.

இன்னாசி சாவியை முழுக்கத் திருப்பினார். மேஜையில் விட்டார்.

எந்திர மாமா நடந்தது. குனியவும் இல்லை, வட்டமும் அடிக்கவில்லை. வெல்வெட் துணியைத் தாண்டி, பதினோராம் பக்கம் திறந்து கிடந்த புத்தகத்தை ஒட்டி, நேராக நடந்தது. முதல் வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள்.

தலைவர் மினிட்ஸ் புத்தகத்தை வாங்கித் தன் கையாலேயே எழுதினார். இன்றுமுதல் பெட்டியோடு, சாவி கொடுக்காத, அசல் எந்திர மாமா உலகத்தில் ஒன்றுகூட இல்லை என்று எழுதி, அதை உரக்கப் படித்தும் காட்டினார்.

உலகத்தில் ஒன்றுகூட இல்லை என்று கேட்டதும் இன்னாசிக்கு, தான் செய்தது சரியா தப்பா என்று சட்டென்று ஒரு பயம் வந்தது. மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

“மாஸ்டர், நீங்க சொல்லுங்க. இப்ப இது அசலா, இல்லியா?”

மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேஜை முடியப் போகுதுண்ணே. ஓடிப் போய்ப் பிடிங்க.”

என் சம்பந்தி இவ்வளவுதான் சொன்னார், பஸ்ஸும் வந்துவிட்டது. பிலோமினா மாஸ்டருக்கு வருகிற வியாழக்கிழமை கண்ணில் ஆபரேஷன். கேட்டவர்கள் அவருக்காக ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிடுங்கள்.