பாலத்தில் உருண்ட எலுமிச்சம்பழம்

ராஜாக்கள் காலத்துக் கதை இல்லை இது. பைபாஸ் ரோடு போட்ட பிறகு நடந்தது. ஒரு எலுமிச்சம்பழத்துக்குத் திடீரென்று பெரிய உத்தியோகம் கிடைத்தது.

காய்கறிக் கடைக் கூடையில், ஊறுகாய்க்குப் போவோமா, சாதத்துக்குப் போவோமா என்று காத்துக் கிடந்த பழம் அது. லோகு என்கிற வாலிபன் வந்து கூடையைக் கிளறி, புள்ளி விழாததாக அதைப் பொறுக்கி எடுத்தான். பச்சை மிளகாய்களோடு சேர்த்துக் கறுப்பு நூலில் கோத்தான். தன்னுடைய நீல நிற மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டான். பிறகு கைகூப்பி, "இனிமே நீதான் பாத்துக்கணும்" என்றான்.

பழத்துக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை அதை யாரும் கும்பிட்டதில்லை, அமுக்கித்தான் பார்த்திருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான் புதுசா வந்திருக்கிற காவல்" என்று அது சுற்றியிருந்தவர்களிடம் சொன்னது.

கீழேயிருந்து பிரேக் பெருமூச்சு விட்டது. "வாங்க. நேத்து வரைக்கும் அது நான் பார்த்த வேலை."

"அப்படியா? உங்களுக்கு என்ன ஆச்சு?"

"நாளைக்கு மேம்பாலத்துல பந்தயம். அதுக்கு நேத்து ஒத்திகை பார்த்தாங்க. உச்சியிலேருந்து இறங்கி வர்றோம். கீழே பாலம் முடியிற இடத்துல பரிமளம்னு ஒரு அம்மா சோளக்கதிர் தள்ளுவண்டியோட ரோட்டைக் கடக்குறாங்க. அந்தத் தள்ளுவண்டியில ஒரு சக்கரம் வம்பு பிடிச்சது. சரியா நடு ரோட்டுக்கு வந்ததும், நான் வரலேன்னு நின்னுக்கும். நேத்தும் நின்னுடுச்சு. நான் உயிரைக் கொடுத்துப் பிடிச்சேன். ஒரு சாண் இருக்கும்போது நின்னோம்."

"அடேயப்பா! உங்களுக்கு மாலையே போட்டிருப்பாரே!"

"ஸ்பேனரைப் போட்டாரு."

பழத்துக்கு விளங்கவில்லை.

"வண்டி நல்லாத்தான் வந்துச்சாம். இந்தப் பிரேக்தான் இழுத்துப் பிடிச்சு வேகத்தைக் கெடுக்குதாம். போதாததுக்கு யாரோ கண்ணு வச்சுட்டாங்களாம். அதனால என்னைத் தளர்த்தி விட்டாரு, உங்களைக் கூட்டிட்டு வந்தாரு. இப்போ என்னை எவ்வளவு மிதிச்சாலும் எனக்குச் சிரிப்புத்தான் வரும்" என்றது பிரேக்.

அன்று மாலை லோகு மறுபடியும் ஸ்பேனரோடு வந்தான். கூட அவன் நண்பன் காஜா. முதலில் பக்கக் கண்ணாடிகள் கழன்றன. "பின்னாடி பாக்கிறவன் எப்படிடா முன்னாடி போவான்?" என்றான் லோகு. காஜா தலையாட்டினான்.

கழன்று தரைக்குப் போகும்போது ஒரு கண்ணாடி பழத்தைக் கூப்பிட்டது. "பின்னாடி லாரி வந்தா இனிமே நீதான் பாத்துச் சொல்லணும், தெரியுதா?"

"என்னை முன்னாடி பாத்தில்ல கட்டியிருக்கு?"

அடுத்து ஹாரன் கழன்றது. அது தொண்டையைச் செருமிக்கொண்டு, "குறுக்கே யாராவது வந்தா நீதான் கத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனது.

"நான் கத்தினா பக்கத்துல இருக்கிற மிளகாய்க்குத்தானே கேக்கும்?" என்றது பழம். அதற்குள் ஹாரன் மூலையில் போய் விழுந்திருந்தது.

கைப்பிடியில் இருந்த ஆக்சிலேட்டர் மட்டும் குஷியாக இருந்தது. "போகட்டும் விடு. இதுங்க எல்லாம் சுமை. எனக்கும் சாலைக்கும் நடுவுல யாரும் இருக்கக் கூடாது."

"சாலையில நடக்குறவங்க?"

"அவங்க ஒதுங்கிக்குவாங்க."

பழம் யோசித்தது. பார்ப்பது, கத்துவது, நிறுத்துவது என்று மூன்று பேருடைய வேலை அதன் தலையில் ஏறியிருந்தது. அதனிடம் இருந்ததோ கொஞ்சம் புளிப்பும் சில விதைகளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்து உச்சியில் வாலிபர்கள் கூடிவிட்டார்கள். எல்லார் கையிலும் செல்போன். லோகுவின் நீல வண்டிக்குப் பக்கத்தில் சிபியின் சிவப்பு வண்டி வந்து நின்றது. அதன் முன்விளக்குக்குக் கீழேயும் ஒரு எலுமிச்சம்பழம்.

"நீயும் காவலா?" என்று கேட்டது நம் பழம்.

"ஆமா. எங்க ஆளைக் காப்பாத்தணும். நீ?"

"எங்க ஆளை. சரி, கீழே ரோட்டைக் கடக்கிறவங்களை யார் காப்பாத்துறது?"

சிவப்பு வண்டிப் பழம் இப்படியும் அப்படியும் ஆடியது. "அவங்களுக்கு யாராச்சும் தனியா கட்டியிருப்பாங்க" என்றது.

அப்போதுதான் பழம் கீழே பார்த்தது. பாலம் முடியும் இடத்தில், சாலையோரத்திலிருந்து பரிமளத்தின் தள்ளுவண்டி மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. காஜாவும் அதைப் பார்த்துவிட்டான்.

"டேய், அந்தச் சோளக்காரம்மா வருதுடா."

"நம்ம சத்தம் கேட்டா தானா ஒதுங்கும்" என்றான் லோகு.

தள்ளுவண்டி சரியாக நடு ரோட்டுக்கு வந்தது. நின்றது. பரிமளம் குனிந்து சக்கரத்தை உதைத்தாள். சக்கரம் அசையவில்லை. "வீட்டுல ஒருத்தர் போதாதுன்னு நீ வேறயா?" என்று அவள் அதைத் திட்டினாள்.

எலுமிச்சம்பழத்துக்கு உடம்பெல்லாம் புளித்தது. "நூலே, நூலே! என்னை விட்டுடு. நானாவது முன்னாடி போய்க் குறுக்கே நிக்கிறேன்" என்றது.

"விட்டா கீழே விழுவே. சக்கரம் உன் மேலேயே ஏறும். நசுங்கிப் போவே" என்றது நூல்.

"ஊறுகாய்க்குப் போயிருந்தாலும் நறுக்கித்தான் இருப்பாங்க. விடு."

"நானா அவிழ முடியாது. ஆனா லோகு போட்ட முடிச்சு ரொம்ப லேசு. யாராவது நல்லா உலுக்கினா நழுவிடும்."

உலுக்க யார் இருக்கிறார்கள்? பழம் மேலே பார்த்தது. ஆக்சிலேட்டர் இருந்தது.

"ஏங்க, உங்களைப் பத்தி என்னமோ நினைச்சேன். அந்தச் சிவப்பு வண்டி உறுமுறதுக்கு முன்னாடி உங்க சத்தம் மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கே?" என்றது பழம்.

"யாரு, நானா?" என்று சிலிர்த்தது ஆக்சிலேட்டர். லோகுவின் கையில் முறுக்கு ஏறியது. வண்டி உறுமியது.

"இப்போ கிரைண்டர் மாதிரி இருக்கு."

ஆக்சிலேட்டருக்கு ரோஷம் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே வண்டி குலுங்கியது. முன்விளக்கு அதிர்ந்தது, மிளகாய்கள் துள்ளின, முடிச்சு நழுவியது. பழம் தொப்பென்று தார்ச்சாலையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் சரிவில் உருள ஆரம்பித்தது.

காஜா கொடியை உயர்த்தியிருந்தான். லோகு அதைப் பார்க்கவில்லை. உருண்டு போகும் பழத்தைப் பார்த்தான்.  கை தானாக ஆக்சிலேட்டரை விட்டது.

"டேய்... பழம் விழுந்துடுச்சுடா."

"விழுந்தா விழட்டும். வாடா!" என்றான் சிபி.

"போடா, உனக்கென்ன. புறப்படுற நேரத்துல காவல் அறுந்து விழுது. உயிரு போயிடும்டா!"

"பயந்தாங்கொள்ளி!" என்றான் சிபி. ஆனால் தன் வண்டிப் பழத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு அவனும் எஞ்சினை அணைத்துவிட்டான். பிரேக் இல்லாத வண்டியில் பாலத்திலிருந்து பாயத் துணிந்த லோகுவுக்கு, எலுமிச்சம்பழம் இல்லாமல் இரண்டடி நகரத் துணிவில்லை.

அன்றைக்குப் பாலத்திலிருந்து இறங்கியது எலுமிச்சம்பழம் ஒன்றுதான். ஆகவே பந்தயத்தில் அதுதான் ஜெயித்தது என்று சொல்ல வேண்டும்.

அது உருண்டு வந்து, தள்ளுவண்டிக்குச் சற்று மேலே, நடு ரோட்டில் நின்றது. நசுங்கப் போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டது. பஸ் ஒன்று வந்தது. டிரைவர் பழத்தைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனார். அடுத்து ஒரு கார். அதுவும் தயங்கி, சுற்றிக்கொண்டு போனது. ஸ்கூட்டரில் வந்தவர் ஒருவர் செருப்பு படாமல் காலைத் தூக்கிக்கொண்டே போனார்.

பரிமளம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் இதே இடத்தில் கையைக் காட்டி, கத்தி, கும்பிட்டுக்கூடப் பார்த்தவள் அவள். ஒருவரும் அவளுக்காக வேகத்தைக் குறைத்ததில்லை. சக்கரத்தை இன்னொரு உதை விட்டு, அவசரமே இல்லாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். போன பிறகும் திரும்பிப் பழத்தையே பார்த்தாள்.

ஒரு வாரம் போயிற்று. காற்று ஒதுக்கியதில் பழம் சாலையோரத்துக்கு வந்து, சுருங்கிப் போய்க் கிடந்தது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் பாலத்து உச்சியில் உறுமல். லோகு இந்தத் தடவை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, புதுப் பழம் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

பரிமளம் தள்ளுவண்டியை ஓரத்தில் நிறுத்தினாள். சோளக்கதிரில் தேய்ப்பதற்காக வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை எடுத்தாள். அதன் தலையில் குங்குமம் மாதிரி கொஞ்சம் மிளகாய்த்தூளைத் தடவினாள். நேரே நடு ரோட்டுக்குப் போய், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தாள்.

அவள் வைத்த புதுப் பழம் அலறியது. "அக்கா! என்னைக் கொண்டுவந்து நடு ரோட்டுல வச்சுட்டாங்களே. அதோ மேலே உறுமுறாங்களே!"

"சும்மா இரு" என்றது ஓரத்தில் கிடந்த பழம்.

மேலே காஜாவின் குரல் கேட்டது. "டேய், வண்டியை நிறுத்துங்கடா! கீழே நடு ரோட்டுல எவனோ பழம் வச்சிருக்கான்டா!"

உறுமல் ஒவ்வொன்றாக அடங்கியது. பரிமளம் தள்ளுவண்டியைக் கிளப்பினாள். நடு ரோட்டில் சக்கரம் வழக்கம்போல நின்றது. அவள் நிதானமாகக் குனிந்து அதை உதைத்தாள்.

புதுப் பழம் மூச்சு விட்டது. "அந்த அம்மா குறுக்கே வர்றதைப் பார்த்துட்டுத்தான் நிறுத்தினாங்களா, அக்கா?"

"அந்த அம்மா தினமும்தான் குறுக்கே வர்றாங்க" என்றது பழைய பழம். "இவங்க மனுஷங்க மேலே ஏத்தினாலும் ஏத்துவாங்க. நம்ம மேலே ஏத்த மாட்டாங்க."