கட்டை போடுகிறவனின் தோள்

"மாஸ்டர், இந்தத் தோள வெட்டி எறிஞ்சிரலாம்னு தோணுது."

காலையில் ஜிம்முக்குள் நுழைந்ததும் குத்தாலிங்கம் சொன்னது அதுதான். வணக்கம்கூட இல்லை.

ரோஸ்லின் மாஸ்டர் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். அவனைவிட ரொம்ப இளையவர். ஒரு காலத்தில் பளுதூக்கும் போட்டிகளுக்குப் போனவர்.

"வெட்டி எறிஞ்சிட்டு?"

"நிம்மதியாத் தூங்குவேன்."

"எந்தப் பக்கம் சாஞ்சு படுப்பீங்க அண்ணாச்சி?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை.

குத்தாலிங்கம் தேருக்குக் கட்டை போடுகிறவன். தேரோட்டம் என்றால் ஊரே வடம் பிடிக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளும். ஆனால் தேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தே நடக்கிற சில பேர்தான். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையை நேராகக் கொடுத்தால் தேர் நிற்கும். சரித்துக் கொடுத்தால் திரும்பும். கொடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்தக் கட்டை லேசுப்பட்ட கனம் இல்லை. அதற்காகத்தான் நரைத்த மீசையோடு ஜிம்மில் சேர்ந்தான். விடலைப் பையன்கள் 'அங்கிள்' என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று தூக்கினான். தோள் திரண்டு வந்தது. கூடவே வலியும் வந்து குடியேறியது.

டாக்டர் பளுவைத் தொடவே கூடாது என்றார். தொடாமல் இருந்தான். கை சூம்பியதுதான் மிச்சம், வலி அப்படியே இருந்தது. சரிதான் போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னைவிடக் கூடுதலாகத் தூக்கினான். இப்போது சட்டைக் கைக்குள் கையை நுழைக்கவே மனைவி வர வேண்டியிருக்கிறது.

"சும்மா இருந்தாலும் வலிக்கி. தூக்குனாலும் வலிக்கி. நான் என்னதான் செய்ய?"

"தேர் எப்ப?"

"அடுத்த மாசம்." அவன் குரல் இறங்கிப்போனது. "கனவுல தேர் வருது மாஸ்டர். கட்டையத் தூக்கப் போறேன், கை வர மாட்டேங்கு. சக்கரத்துக்கு முன்னால எம் மக நிக்கா."

மாஸ்டர் ஒட்டடை அடிப்பதை நிறுத்தினார்.

"வேற ஆளே கெடையாதா?"

"இருக்கான். எங்கூட நிக்கிற வேலாண்டி. நல்லாத்தான் போடுவான். அவன் கையில கட்டையக் குடுத்துட்டு நான் கூட்டத்துல நின்னு கன்னத்துல போட்டுக்கவா? அப்புறம் நான் எதுக்கு?"

கேட்டுவிட்டு அழுதான். மீசை வைத்த ஆள் அழுவதைப் பார்க்கக் கூடாதென்று மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழுகை கோபமானது. விடுவிடுவென்று போய் இரும்புத் தண்டில் எடைத் தட்டுகளை மாட்டினான். மாஸ்டர் 'வேண்டாம்' என்பதற்குள் தூக்கினான். நெஞ்சைத் தாண்டியது. காதுக்கு நேராக வந்ததும் தோளுக்குள் சுரீரென்றது. தண்டு தரையில் விழுந்து கட்டடமே அதிர்ந்தது.

அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சுபோச்சு மாஸ்டர். எனக்குன்னு ஒரு முட்டுக்கட்டை வந்து விழுந்துட்டு பாத்தீங்களா."

"என்ன விழுந்துட்டு?"

"முட்டுக்கட்டை."

"இத நீங்க சொல்லுதீங்க."

அவனுக்குப் புரியவில்லை. புரிகிற நிலையிலும் அவன் இல்லை.

மாஸ்டர் ஒட்டடைக் கம்பை அவனிடம் நீட்டினார்.

"எந்திரிங்க. இதத் தூக்குங்க."

"இதையா? என்ன கேலி பண்ணுதீங்களா?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சு, மெதுவா மேல கொண்டு போங்க."

வேண்டாவெறுப்பாகத் தூக்கினான். கம்பு நெஞ்சைத் தாண்டியது. தாடையைத் தாண்டியது. காதுக்கு நேராக வந்ததும் முகம் கோணியது.

மாஸ்டர் தன் உள்ளங்கையைக் கம்பின் மேல் வைத்தார்.

"கட்டை விழுந்துட்டு."

பழக்க தோஷம், அவன் அதையும் மீறித் தள்ளப் பார்த்தான். உள்ளங்கை அசையவில்லை.

"கட்டை விழுந்த பெறகும் வடத்த இழுத்தா என்ன ஆகும் அண்ணாச்சி?"

"அச்சு முறியும்."

"சரி, கட்டை விழுந்துட்டுன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டா?"

"போனா... தேரு நடுத்தெருவுலயே நிக்கும்."

கம்பைப் பார்த்தான். அதன் மேல் இருந்த கையைப் பார்த்தான். வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துப் போயிற்று.

"அடுத்த மாசத்துக்குள்ள சரியாயிருமா மாஸ்டர்?"

"ஆகாது."

இன்னொரு தடவை கேட்டால் வேறு பதில் வராதா என்று அவன் அவர் முகத்தையே பார்த்தான். வரவில்லை.

"கட்டை போடுதவரு நீங்க. நீங்களே சொல்லுங்க. இப்ப எந்தப் பக்கம் திரும்பணும்?"

கண்ணில் நின்ற நீர் மீசையில் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

"இந்த வருசம்," என்றான், "வேலாண்டி பக்கம்."

மாஸ்டர் கையை எடுத்தார்.

"கம்பு எந்தப் பக்கம்?"

குத்தாலிங்கம் முழங்கையை விலாவோடு சேர்த்தான். கம்பைக் கொஞ்சம் சரித்தான்.

அது காதைத் தாண்டி மேலே போனது.