வருவான் என்று வைத்துக்கொண்டால்

"டீச்சர், அவன் வருவான்னு நிரூபிச்சுக் காட்ட முடியுமா?"

கேட்டவர் சவரிநாதன். வயது அறுபத்தொன்று. தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர் தாட்சாயணிக்கு முப்பதுகூட ஆகவில்லை.

எங்கள் மலையில் ஒரு சின்னக் கல்லூரி. சனிக்கிழமை மத்தியானம் அங்கே ஒரு வகுப்பு நடக்கும். கணிதத்தில் வரும் தர்க்கம், கணம், நிரூபணம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கூட்டத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஏழு பேர். அதில் நானும் ஒருத்தன். ஊர்த் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிறவன்.

மூடுபனியும் வகுப்புக்கு வரும். ஜன்னலைச் சாத்தினாலும் வரும். சில நாள் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் டீச்சரே தெரியமாட்டார். ஒரு கையும் சாக்பீஸும் மட்டும் தெரியும். குரல் எங்கிருந்தோ வரும். நாங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்போம்.

வெற்றுக் கணம் நடத்திய அன்று டீச்சர் இரண்டு அடைப்புக்குறி போட்டு, நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டார். சவரிநாதன் எழுந்து நின்றார்.

"உள்ள யாருமில்லேன்னாலும் வீடு வீடுதானே டீச்சர்?"

டீச்சர் அந்த அடைப்புக்குறிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றார்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் இன்றைக்கு வகுப்பு ஆரம்பிக்கும் முன்னாலேயே எழுந்து இப்படிக் கேட்கிறார்.

"யாரு வருவான்னு?"

"என் மகன். அமல்தாஸ்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பனும் மகனும் முட்டிக்கொண்டார்கள். "இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று இவர் கத்தினார். பையன் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். கடிதம் கிடையாது, போன் கிடையாது. "இன்னிக்கும் ஒண்ணுமில்ல" என்று ஒன்பது வருஷமாக இவரிடம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்தான். நல்ல பிழைப்பு, போங்கள்.

"இப்ப என்னண்ணே அவசரம்?" என்றார் டீச்சர்.

"என் வீட்டுக்காரி எலிசாவுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. இந்தக் குளிர் அவளுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னொரு மார்கழிய இங்க தாங்கமாட்டாங்கிறார். கீழ தேனியில மக இருக்கா. போயிடுவோம், போயிடுவோம்னு தினமும் கேக்குறா."

"போகலாமே."

"வீட்டப் பூட்டிட்டா? அவன் வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிட்டான்னா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சாவிய எங்கிட்டக் குடுங்க, வந்தா நான் சொல்லி அனுப்புறேன்னு நூறு தடவ சொல்லிட்டேன் டீச்சர்" என்றேன்.

"அவன் ரோஷக்காரன்யா. பூட்டப் பாத்த அடுத்த நிமிஷம் போயிருவான். உமக்கு என்ன தெரியும்?"

டீச்சர் கேட்டார்: "வருவான்னு நிரூபிச்சா என்ன ஆகும்?"

"அவ கேக்குறத நிறுத்துவா."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே நம்பர் போட்டு எழுதியிருந்தார். சத்தமாகப் படித்தார்.

"ஒண்ணு. அவன் வர்றதா இருந்தா, கதவு திறந்திருக்கணும். ரெண்டு. கதவு திறந்திருக்கு. மூணு. அதனால அவன் வருவான்."

வகுப்பே சிரித்தது. 'இது நடந்தால் அது' என்பதை 'அது நடந்தால் இது' என்று திருப்பிப் போடுகிற தப்பு, முதல் மாசத்திலேயே எல்லோரும் செய்து திட்டு வாங்கியது. நானும் சிரித்தேன். பாவி, ஏன்தான் சிரித்தேனோ.

டீச்சர் சிரிக்கவில்லை. போய் வகுப்புக் கதவை அகலத் திறந்து வைத்தார்.

"இதுவும் திறந்திருக்கு. யாரு வர்றா அண்ணே?"

எல்லோரும் வாசலைப் பார்த்தோம். பனி வந்தது. வந்து பெஞ்சுக்கு நடுவில் மெதுவாக நடந்தது. வேறு யாரும் வரவில்லை.

சவரிநாதன் தாளை மடித்தார்.

"அப்ப வரமாட்டான்னு சொல்றீங்களா?"

"அதையும் நான் சொல்லமாட்டேன். வருவான்னு என்னால நிரூபிக்க முடியாது. வரமாட்டான்னும் முடியாது. ரெண்டுல ஒண்ணு நடக்கும். அது மட்டும் நிச்சயம்."

"இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"வாங்க. பலகைக்கு வாங்க."

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றை "வச்சுக்குவோம்" என்று ஆரம்பிக்கிறவர் பலகையில் இடது பக்கம் ஒரு நெட்டுக் கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளே எழுதுவதெல்லாம் அந்த 'வச்சுக்குவோம்'க்குள் மட்டும்தான் செல்லும். முடிந்ததும் கீழே ஒரு குறுக்குக் கோடு போட்டு மூடிவிட்டு வெளியே வர வேண்டும். மூடாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. என்னையே ஒரு தடவை பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பக் கூப்பிட்டு மூட வைத்தார்.

"கஷ்டமானத முதல்ல முடிச்சுடுவோம்" என்றார் டீச்சர். "வரமாட்டான்னு வச்சுக்குவோம். எழுதுங்க."

சவரிநாதன் கோட்டை இழுத்தார். அதற்கு மேல் கை போகவில்லை.

"முடியல டீச்சர்."

"ஏன்?"

"எழுதிட்டா அப்படியே ஆயிரும்."

"எத்தனை பொய்ய இந்தப் பலகையில வச்சுக்கிட்டிருக்கோம்? ஒண்ணாவது நெசமாச்சா?"

"அதெல்லாம் கணக்கு."

"நான் பக்கத்துலயே நிக்கிறேன். உள்ள போயிட்டு வந்துடலாம் அண்ணே."

எழுதினார். வரமாட்டான். எழுதும்போது அவர் அழுத சத்தம் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டது. நான் மூக்கைச் சிந்துகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அடுத்த வரி?"

"அவன் வரமாட்டான்னா… இந்தக் குளிர்ல உக்காந்து யாருக்காகக் காத்துக்கெடக்கணும்? எலிசாவத் தேனிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எழுதுங்க. மூடுங்க."

மூடினார். மூடியதும் ஒரு பெரிய மூச்சு விட்டார். பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார், எங்கேயோ போய்விட்டு வந்தவர் மாதிரி.

"ஒண்ணும் ஆயிடல, இல்ல?"

"இல்ல டீச்சர்."

"இப்ப அடுத்தது. வருவான்னு வச்சுக்குவோம்."

அடடா, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோடு சரசரவென்று இறங்கியது. வருவான் என்று எவ்வளவு பெரிதாக எழுத முடியுமோ அவ்வளவு பெரிதாக எழுதினார். அதன் கீழேயே, 'நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும்' என்று எழுதப் போனார்.

"அவசரப்படாதீங்க. ஒவ்வொரு வரியா வாங்க. என்னிக்கு வர்றான்?"

"தெரியாது. நாளைக்கு வரலாம். அடுத்த வருஷம் வரலாம்."

"சரி. வந்துட்டான்."

பனி அந்நேரம் நன்றாக இறங்கிவிட்டது. பெஞ்சு மங்கிவிட்டது, பக்கத்தில் இருந்தவர் முகமே கலங்கலாகத்தான் தெரிந்தது. திறந்த வாசலில் பையோடு யாரோ நிற்கிற மாதிரி எனக்கே இருந்தது. அமல்தாஸை எனக்குத் தெரியும். கொஞ்சம் கூன் போட்டுத்தான் நிற்பான்.

"கதவு திறந்துதான் இருக்கு. உள்ள வாரான். என்ன நடக்குது அண்ணே?"

"கட்டிப்பிடிச்சு அழுவேன்."

"அழுதாச்சு. அப்புறம்?"

"குளிர்ல வந்திருப்பான். மூஞ்சி கை கால் கழுவச் சொல்லுவேன். சுடுதண்ணி…"

"சுடுதண்ணி யாரு வைக்கிறா?"

"ஏன், எலிசாதான்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் பலகை ஓரமாக நகர்ந்து நின்றார்.

"நானே வைப்பேன்" என்றார் சவரிநாதன், மெதுவாக.

"வைங்க. அவன் உக்காந்திருக்கான். சுத்திமுத்திப் பாக்குறான். என்ன கேக்குறான்?"

ஏழு பேர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"அம்மா எங்கப்பான்னு கேக்குறான்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

சாக்பீஸ் கீழே விழுந்தது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவர் குனிந்து தேடவும் இல்லை, இரண்டாவது கோட்டை மூடவும் இல்லை; டீச்சரும் மூடச் சொல்லவில்லை. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நடந்தவர் நின்றார்.

"டீச்சர், தேனிக்கு இனி எத்தன மணிக்குப் பஸ்ஸு?"

"அஞ்சே காலுக்கு. அக்காவ ஜன்னலோரம் உக்கார வைக்காதீங்க அண்ணே, காத்து அடிக்கும்."