டேங்க் மூடிக்கு வைத்த பொட்டு

கோத்தகிரிப் பக்கம் பெரிய புல் மைதானத்தோடு ஒரு கிளப். அங்கே செயலாளர் தண்டபாணி சொன்னதுதான் சட்டம். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி பத்து நிமிஷம் ஓடும், திணறும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். மெக்கானிக்குகள் வந்து பிளக்கை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

தண்டபாணி வேலையாட்களை வரிசையாக நிறுத்தினார். "இதைக் கெடுத்தவன் எவனா இருந்தாலும் மைதானம் முழுக்க அரிவாளால அறுக்கணும். சாயங்காலத்துக்குள்ள வண்டி ஓடலைன்னா ஒருத்தருக்கும் வேலை கிடையாது."

புல் கூட்டுகிற மாதம்மாள் முன்னால் வந்தாள். "ஐயா, மூக்கைப் பொத்திக்கிட்டு, வாயையும் மூடிக்கிட்டு வண்டியைச் சுத்தி வாங்க. சரியாயிடும்."

பரிகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சுற்றினார். மூன்றாவது சுற்றில் முகம் சிவந்து, திணறி, நின்றுவிட்டார்.

"வண்டிக்கும் இதே சீக்குதான் ஐயா" என்றபடி மாதம்மாள் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினாள். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை உண்டு; காற்று போனால்தான் பெட்ரோல் இறங்கும். அதை அடைத்துக்கொண்டு காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். குத்தி எடுத்தாள். வண்டி நிற்காமல் ஓடியது.

"இங்க பொட்டு வச்சது எவன்?" என்று தண்டபாணி கத்தினார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பூஜையன்று சந்தனக் கிண்ணத்தை அவர் வேறு யாரையும் தொடவிடவில்லை.

மாதம்மாள் அரிவாளை நீட்டினாள். "இதுக்கு எவ்வளவு வேணும்னாலும் பொட்டு வைங்க ஐயா. இது மூச்சு விடாது."