உறைமோர் வாங்கப் போனவர்

“நான் நம்பிட்டேன் டீச்சர். அவங்கதான் உள்ள விடமாட்டேங்கிறாங்க.”

வேலாண்டி வாசலில் நின்றபடியே புலம்பினார்.

இக்கரை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களெல்லாம் அவர் பொறுப்பு. அந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அமலி. வயதில் அவரைவிடச் சின்னவள். இன்று லீவு. மடியில் குழந்தை, கையில் பருப்புச்சோறு.

ஆற்றுக்கு அக்கரையில் இன்னோர் ஆஸ்பத்திரி. நிர்வாகம் ஒன்றுதான். நெட்வொர்க் மட்டும் தனித்தனி. அவரவர் ஆட்களின் பெயரும் பாஸ்வேர்டும் அவரவரிடம். எக்ஸ்ரே எடுப்பது அக்கரையில். அந்தப் படத்தை இக்கரை டாக்டர் திறக்கப் போனால், யாரென்று தெரியாது என்று திரை மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

“வராந்தாவுல ஒரு அம்மா உக்காந்திருக்கு டீச்சர். பிள்ளைக்குக் கை ஒடிஞ்சிருக்கு. படம் வாங்க அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மறுபடி பஸ் ஏறணும்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“அக்கரை நெட்வொர்க்கை நம்புறோம்னு நம்ம கம்ப்யூட்டர்ல போட்டேன். அவங்க ஆளு யாரு வந்தாலும் நம்மகிட்ட தொறக்கும். இதுக்கு மேல என்னதான் செய்யட்டும்?”

அமலி குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

“என் வீட்டுக் கதவை நல்லா அகலமாத் தொறந்து வைங்கண்ணே. வச்சிட்டு எதிர்வீட்டுல ஒரு கரண்டி உறைமோர் வாங்கிட்டு வாங்க.”

“இப்பவா?”

“பால் ஆறிப்போச்சு.”

கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு ஜன்னல் பாதி திறந்தது.

“யாரு?”

“வேலாண்டி. உறைமோர் வேணும்.”

“எந்த வேலாண்டி?”

ஜன்னல் சாத்திக்கொண்டது.

வெறுங்கையோடு திரும்பினார்.

“கதவைத் தொறந்து வச்சிட்டுத்தானே போனீங்க?” என்றாள் அமலி.

“நல்லாருக்கு டீச்சர்! தொறந்தது உங்க கதவு. அவங்க கதவை அவங்கல்ல...”

திரும்பி, சாத்திய ஜன்னலைப் பார்த்தார்.

அமலி அடுத்த உருண்டையைப் பிசைந்தாள்.

“அப்ப, நம்ம டாக்டருங்க எல்லாரு பேரையும் அக்கரையில ஒவ்வொண்ணா எழுதி வச்சுக்கச் சொல்லணுமா?” என்று இழுத்தார்.

அமலி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“பூரணி அக்கா! நம்ம வீட்டு ஆளுதான்!”

எதிர்க்கதவு திறந்தது. டம்ளரோடு கை நீண்டது. வேலாண்டி போய் வாங்கிக்கொண்டார்.

“பேரைக்கூட மறுபடி கேக்கலையே?”

“அமலி சொல்லிட்டாள்ல. அப்புறம் எனக்கெதுக்கு உம்ம பேரு?” என்றாள் பூரணி.

வேலாண்டி ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

“அண்ணே, உறைமோரு!”

அவர் காதில் போன் இருந்தது. “அக்கரையா? நீங்க எங்களை நம்புறதா உங்க பக்கம் போடுங்க. யாரு எங்க ஆளுன்னு நாங்க சொல்றோம்.”

சற்று நேரத்தில் டாக்டரின் திரையில் ஒரு சின்னக் கை வெள்ளையாகத் தெரிந்தது.

அந்த அம்மா திரையைப் பார்த்தாள். டம்ளரும் கையுமாக நின்ற வேலாண்டியைப் பார்த்தாள்.

“போன வாரம் மூத்தவனுக்கும் படம் வாங்க என்னை பஸ் ஏத்தி விட்டீங்களே. அன்னைக்கு ஏங்கய்யா படம் இங்க வரலை?”

“எங்க வீட்டுக் கதவைத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருந்தேம்மா.”